தீவகத்திற் சுகாதாரச் சேவை

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்து மேற்கேயும் தென்மேற்கேயும் கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளில் வாழ்வோர் தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளப்பதில்லை. காற்றைக் கொண்டே அளப்பர். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம் கால் மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திற் சென்றுவிடும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இது கடல் அடங்கியிருக்கும் நாளின் கணக்கு. சோழகம் பலத்து வீசும் மாதங்களிலும், வாடைக் காலத்திற் புயற்குறி தோன்றும் நாட்களிலும் அந்த ஒரு மணி நேரம் ஒரு பகலாக நீளும். சிலவேளை பயணமே இல்லாமற் போய்விடும். ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளினால் நிலத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் கடலையே வழியாகக் கொண்டவை.

அரசாங்கம் ஒரு சுகாதாரச் சேவையை அமைத்து, அதனைக் காலந்தோறும் திருத்தி வளர்த்து வந்த வரலாறு இலங்கையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. உலக நாடுகள் மெச்சும் வரலாறு அது. அதனைக் கொழும்பிலிருந்து பார்த்து எழுதியோர் பலர். தீவகத்துத் துறைகளில் நின்று பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம். அங்கு நின்று பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். சீர்திருத்தங்களுள் எவை ஓர் ஊழியரைக் கடல் கடந்து அனுப்பி அங்கேயே தங்கவைத்தனவோ அவை வேரூன்றின. எவை நோயாளியைக் கடல் கடந்து வரும்படி பணித்தனவோ அவை, நாடு முழுவதற்கும் நன்மை செய்தபோதிலும், தீவக மக்களுக்குப் புதியதொரு சுமையையும் சேர்த்தே தந்தன.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டுமென்பதையும், கரையோரத்தில் உடையும் மரக்கலங்களின் பொருளில் அரசுக்குரிய பங்கு எவ்வளவு, உடையவனுக்குரிய பங்கு எவ்வளவு என்பதையும் அது வகுத்துக் கூறுகின்றது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. இத்துறையின்மேல் அரசு வைத்த கண் அவ்வளவு பழையது. ஆனால் அந்தக் கண் துறைக்கு வந்துபோகும் கப்பலின் மீதே இருந்தது. துறையருகே குடியிருந்தவன்மீது அது திரும்பப் பல நூற்றாண்டு சென்றது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடக்கம் அவ்வாறே. பெரியம்மைக்கு எதிரான அம்மைப்பால் 1802 இல் இலங்கைக்கு வந்தது. ஜென்னர் தமது ஆராய்ச்சியை வெளியிட்டு நான்கே ஆண்டுகளில் அது இத்தூரம் வந்து சேர்ந்தது வியப்புக்குரியதே. குடியியல் மருத்துவத் திணைக்களம் 1858 இல் தோன்றியது; அதுவரை மருத்துவம் பெரும்பாலும் படையினரின் துறையாகவே இருந்தது. 1866, 1867 ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பெரிதும் வாட்டியது. இந்தியக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே நெல்லும் துணியும் ஏற்றி இடைவிடாது ஓடிய தோணிகளோடு கொள்ளைநோயும் வரும் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு எப்போதும் இருந்தது. அம்மைகுத்துதலைக் கட்டாயமாக்கிய சட்டம் 1886 இலும், நோய்த்தடைக்காப்புச் சட்டம் 1897 இலும் பிறந்தன. இவை வேண்டியவையே. எனினும் இவற்றின் நோக்கில் தீவகம் நாட்டின் வாயிற்படி; வாயிலை அடைத்து உள்வீட்டைக் காப்பதே கருத்து. படியிலே குடியிருந்தவனுக்குக் காய்ச்சல் கண்டால் அவன் தன்னூர்ப் பரியாரியாரையும், கோயில் விபூதியையும், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நல்ல காற்றையும் நம்பியிருந்தான்.

இக்காலத்திலேதான் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்தது. அது அரசாங்கத்தின் முயற்சியன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, யாழ்ப்பாணத்து இளைஞரை மருத்துவராகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், இடையில் தாயகம் சென்று 1862 இல் மீண்டபின், தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழ்நூல்கள் அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கியவை. தமிழன்பினால் மட்டும் இதைச் செய்தாரென்று பலர் நினைக்கின்றனர். அவர் கண்ட காரணம் அதனினும் நடைமுறை சார்ந்தது. ஆங்கிலத்திற் படித்தவர் சம்பளத்தை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுகின்றனர். தமிழிற் படித்தவரோ தம் கிராமத்தில் இருந்து தம் மக்களுக்கு வைத்தியம் செய்வர். இதுவே அவர் கணக்கு. 1873 இல் அவர் திரும்பிச் செல்லுமுன் அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

மருத்துவனை ஊரில் நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு, இன்றைய சுகாதார அமைச்சுகள் குழு வைத்து ஆராயும் அந்தக் கேள்விக்கு, ஒருவர் நூற்றறுபது ஆண்டுக்கு முன்பே ஒரு விடை கண்டார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் போனபின் அந்த முறை நிலைக்கவில்லை. அரசாங்கம் வேறு வழியிற் சென்றது. வட மாகாணத்தில் அரசாங்க மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லூஸ், வன்னியிற் பறங்கிநோயினாலும் பிற பிணிகளினாலும் சனத்தொகை அருகிவருவதை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பயனாக 1870 இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அவரே அதன் முதல் அதிபர். வடக்கின் காட்டூர்களுக்கு மருத்துவர் வேண்டுமென்று எழுதப்பட்ட அறிக்கை கொழும்பில் ஒரு கல்லூரியாக முடிந்தது. கல்லூரி பெரும் பணி செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிற் பட்டம் பெற்றவர் பெரிய பட்டினங்களையே நாடினர். தீவுகள் போன்ற ஒதுக்கிடங்களின் டிஸ்பென்சரிகளை நடத்தும் பணி அப்போதிக்கரி எனப்பட்ட இரண்டாந்தர மருத்துவ உத்தியோகத்தர்க்கு உரியதாயிற்று. அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதி முடியும்வரை அரசாங்க மருத்துவம் என்றால் நோய் வந்தபின் செய்யும் வைத்தியமே. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு அமைந்த இத்திட்டத்தின் கருத்து மிக எளியது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். அவர்களோடு வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சிகள். இவர்கள் நோயாளியை எதிர்பார்த்துக் கட்டடத்துள் அமர்ந்திருப்பதில்லை. கிணற்றையும் மலசலகூடத்தையும், கர்ப்பவதியையும் கைக்குழந்தையையும் தேடிச் செல்வர்.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டுக் கிராமத்துக்குச் சென்ற அரசியல்வாதியிடம் மக்கள் கேட்டவற்றுள் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் முதலிடம் பெற்றன. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 உயிரைக் கவர்ந்தது. அத்துயரத்தின் பின் சுகாதாரப் பகுதிகள் நாடெங்கும் விரைந்து பரவின. யாழ்ப்பாணத்து மக்கள் அரசாங்கத்தையே நம்பியிருந்தனர் என்று எண்ணற்க. காரைநகருக்கு எதிர்க்கரையிலுள்ள மூளாயில் 1930களில் மக்கள் பங்குப்பணம் சேர்த்து ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவினர்; இந்நாட்டில் அது புதுமையான முயற்சி.

சுகாதாரப் பகுதித் திட்டத்தில் தீவகத்துக்கு நிலையாகக் கிடைத்த பெரும்பேறு மருத்துவிச்சியே என்பது என் துணிபு. இதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். தீவகத்து நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். ஆறில்லை, ஆழ்ந்த குளமுமில்லை. மழைநீர் நிலத்துட் புகுந்து, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அதை அளவோடு அள்ளினால் நன்னீர். ஆசைப்பட்டு இறைத்தால் உவர். அருகே குழி மலசலகூடம் இருந்தால் அக்கிணறு நோய்க் கிணறு. யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக விடாது பற்றியிருப்பதற்கு இக்கல்நிலம் ஒரு பெருங்காரணம். ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவில் திரளும் ஆயிரக்கணக்கான அடியாருக்குக் குடிநீர் கொடுப்பதே ஆண்டுதோறும் சுகாதாரப் பரிசோதகரின் தலையாய கவலை.

இத்தகைய ஊரில் மருந்தைவிட முதன்மையானது, எந்தக் கிணறு எந்த வீட்டுக்குரியது, எந்த வீட்டில் யார் எத்தனையாம் மாதம் என்று அறிந்த ஓர் ஆள். மருத்துவிச்சி அப்படிப்பட்டவர். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது அவருக்கு வகுக்கப்பட்ட அளவு. திருமணமான பெண்கள், கர்ப்பவதிகள், பிறந்த குழந்தைகள் என அவரிடம் பதிவேடுகள் உண்டு. குழந்தையின் நிறையை அவர் குறிப்பார். தடுப்பூசி நாளை நினைவூட்டுவார். காலில் வீக்கம் கண்ட தாயை வள்ளம் ஓடும் நாளிலேயே வைத்தியசாலைக்கு அனுப்புவார். நடுநிசியிற் கடல் கொந்தளிக்கையில் நோவு கண்டவளை என் செய்வது என்ற வினாவுக்கு விடை, இரு வாரத்துக்கு முன்னே பகலில் எடுத்த அந்த முடிவுதான். தீவிலே பிரசவ மருத்துவத்தின் பெரும்பகுதி முன்னறிதல். அதை அங்கே குடியிருப்பவர்தாம் செய்ய முடியும்.

1930களில் இந்நாட்டில் இலட்சம் பிறப்புக்கு 2000 அளவிலே தாய்மார் மாண்டனர். 1947 க்கும் 1950 க்கும் இடையிலேயே அத்தொகை பாதியாகக் குறைந்தது. இன்று அது 30 ஐ ஒட்டி நிற்கின்றது. இக்காலத்திலேயே டி.டி.ரி. தெளிப்பும் நடந்தது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆக வீழ்ந்தது. டி.டி.ரி.யின் புகழ் ஓங்கியது. மருத்துவிச்சியின் புகழ் அவ்வளவு ஓங்கவில்லை. ஆனால் 1963 இல் நாடு முழுதும் 17 பேர் என்னுமளவுக்கு ஒடுங்கிய மலேரியா, 1960களின் இறுதியில் மீண்டும் பல்லாயிரவரைப் பற்றியது. தாய்மார் மரண வீதமோ திரும்ப ஏறவில்லை. மருந்து தெளிப்போர் வந்து போயினர். மருத்துவிச்சி ஊரிலே இருந்தார்.

சுதந்திரத்தின் பின் அவுஸ்திரேலியரான கம்ஸ்டன் இந்நாட்டு மருத்துவ அமைப்பை ஆராய்ந்து 1950 இல் அறிக்கை அளித்தார். நோய்தீர்க்கும் பிரிவும் நோய்தடுக்கும் பிரிவும் தனித்தனியே இயங்குவதை விடுத்து, பிராந்தியந்தோறும் ஒரே தலைமையின்கீழ் வர வேண்டுமென்றார். 1952 இல் சுகாதார சேவைகள் சட்டம் நிறைவேறியது. தாளில் அது பெருமாற்றம். தீவகத்துக்கு அதனால் நேரே விளைந்தது, கொழும்புக்கு எழுதிய கடிதங்களுட் சில இனி யாழ்ப்பாணத்துக்கு எழுதப்பட்டமையே.

அதனினும் ஆழமான மாற்றம் ஒன்று, எவரும் பறைசாற்றாமலே, அடுத்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது. வீட்டிலே நிகழ்ந்த பிரசவம் வைத்தியசாலைக்கு மாறியது. இன்று இலங்கையிற் குழந்தைகள் ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. அதிலும் மகப்பேற்று நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலையையே தாய்மார் நாடுகின்றனர். இது நன்று. இரத்தப் பெருக்கினால் மாண்டிருக்கக்கூடிய எத்தனையோ பேர் இதனாற் பிழைத்தனர். ஆனால் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண்ணுக்கு இம்மாற்றம் அரை மணிப் பயணம். நெடுந்தீவுப் பெண்ணுக்கோ வீட்டையும் மூத்த பிள்ளைகளையும் விட்டு, நாள் நெருங்குமுன்னரே அக்கரை சென்று, உறவினர் வீட்டிற் காத்திருக்கும் நாட்கள். அங்கு உறவினர் இல்லாதவள் நிலை என்ன? புள்ளிவிவரத்தில் இவளும் வைத்தியசாலையிற் பெற்றவளே. காத்திருந்த நாட்களுக்கும் அதன் செலவுக்கும் எந்தப் பதிவேட்டிலும் நிரல் இல்லை.

இனி அப்போதிக்கரிமார். காலப்போக்கில் அவர்கள் உதவி மருத்துவ உத்தியோகத்தர் என்றும், பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தர் என்றும் பெயர் மாறினர். பட்டதாரி மருத்துவர் செல்ல விரும்பாத இடங்களை நெடுங்காலம் தாங்கியவர்கள் இவர்கள். 1990களில் இவர்களுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டது. ஏழையூருக்கு ஏழைத் தரமான மருத்துவர் என்ற வேறுபாடு கூடாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அதனை மறுப்பது கடினம். ஆயினும் அந்நியாயத்தின் விலையைச் செலுத்தியது ஒதுக்கிடங்களே. ஒவ்வொரு நிலையத்துக்கும் பட்டதாரி மருத்துவர் என்று விதி எழுதப்பட்டது; இடமாற்றப் பட்டியலில் தீவின் பெயரைக் கண்டவர் முறையீட்டுக் கடிதம் எழுதினார். நெடுந்தீவில் மருத்துவர் இல்லை என்ற செய்தி பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருவதை நாம் கண்டிருக்கிறோம். வந்து ஓராண்டு இருந்து மக்கள் மனத்தில் இடம்பெற்றுச் செல்லும் இளம் மருத்துவரும் உளர். அவரைக் குறைகூற முடியாது. அவர் திரும்பிவர விரும்புமாறு இடத்தை அமைக்காத திட்டத்தையே கூற வேண்டும்.

போர்க்காலம் தனி வரலாறு. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அதன்பின் நோயாளிக்குக் காற்றோடு அச்சமும் ஒரு தடையாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். வைத்தியசாலைக் கட்டடங்கள் இருந்தன, நோயாளர் இல்லை. இவ்வளவு அழிவினிடையிலும் தடுப்பூசித் திட்டம் அறவே அற்றுப்போகவில்லை. 1990களின் நடுப்பகுதியில் போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காகப் போரிட்ட இரு தரத்தாரும் சில நாட்கள் ஆயுதத்தை அடக்கினர். இந்நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். சீர்திருத்தம் எவ்வளவு ஆழம் சென்றிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணங்களுக்கு உரியதாக்கியது. போதனா வைத்தியசாலைகள் மத்திய அரசிடமே இருந்தன. ஆகவே நெடுந்தீவு வைத்தியசாலையும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும் மாகாணத்தின் கீழும், அவர்கள் நோயாளியை அனுப்பும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பின் கீழுமாக இன்றுவரை உள்ளன.

2018 இல் அரசாங்கம் அனைவருக்கும் சுகாதாரம் என்னும் நோக்கோடு ஒரு புதிய கொள்கையை ஏற்றது. ஒரு பெரிய வைத்தியசாலையைத் தலைமையாகவும் அதைச் சூழ்ந்த சிறிய வைத்தியசாலைகளைக் கிளைகளாகவும் கொத்துக் கொத்தாக அமைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன் அயலிலுள்ள சிறு நிலையத்திற் பதிவுசெய்து கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் பெரிய வைத்தியசாலைக்கே ஓடும் வழக்கத்தை மாற்றவேண்டுமென்று அது கருதியது. காலத்துக்கேற்ற கருத்து, நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதுமையும் இன்று நாட்டின் பெரும் பிணிகள். இளையோர் பலர் வெளிநாடும் கொழும்பும் சென்றுவிட்ட தீவகத்தில் இப்பிணியாளர் பங்கு இன்னும் மிகுதியாகத் தோன்றும்.

ஆனால் வரைபடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். தீவகத்தின் ஆதார வைத்தியசாலை ஊர்காவற்றுறையில் உள்ளது. நெடுந்தீவு நோயாளி இறங்குவது குறிகட்டுவானில். அங்கிருந்து பஸ் புங்குடுதீவு வழியாக வேலணைக்கு வந்து, பண்ணைத் தாம்போதியூடாக யாழ்ப்பாணம் சேரும். ஊர்காவற்றுறை வேலணையிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பிச் செல்லவேண்டிய ஊர். எந்தத் தலைமையை எந்தக் கிளைக்குக் காட்டினாலும், ஒரு வள்ளமும் ஒரு பஸ்ஸும் பிடித்து வந்தவன் இன்னொரு பஸ்ஸுக்காக வேலணையில் இறங்கமாட்டான். 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவையும் வந்தது. மிக நல்ல சேவை; அது குறிகட்டுவான் துறையில் நின்றுவிடும். அதற்கப்பால் படகும், அவசர வேளைகளிற் கடற்படையினர் உதவியுமே கதி.

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது, மாதாந்தச் சிகிச்சை நிலையங்களுக்கு வரமுடியாத நோயாளருக்கு மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கே அனுப்பப்பட்டன. நாடு முழுவதும் சில வாரம் அவ்வாறு நடந்தது. முடியாதென்று எவரும் கூறவில்லை. ஈராண்டின் பின் எரிபொருளும் மருந்தும் ஒருங்கே தட்டுப்பட்ட காலத்தில் அந்த ஏற்பாட்டை எண்ணிப் பார்த்தவர் சிலர். நெடுந்தீவில் நீரிழிவு கண்ட முதியவருக்குச் சோழகக் காலம் ஆண்டுதோறும் வரும் ஓர் ஊரடங்கு. காற்று எழுமுன் இரு மாத மருந்தை அவர் கையிற் கொடுத்துவிடுவதற்கும், சிகிச்சை நாளைத் தபாற்பெட்டியின் வசதிக்கன்றி வள்ளத்தின் வசதிக்கேற்ப வகுப்பதற்கும் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. வேண்டியவரின் பெயர்கள் ஊரில் வீடுவீடாகச் செல்லும் அந்த அம்மாவுக்கும் மருந்தகத்தில் இருப்பவருக்கும் முன்பே தெரியும்.